அட்டைப்படம்

மூடியில் துளையிட்ட ஜாம் போத்தல் ஒன்றை எங்கள் மேசைமேல் வைத்துவிட்டு அந்தச் சிறுவன் இரண்டடி பின்வாங்கி நின்றான். போத்தலில் அரைவாசிக்குக் கடல்நீர் இருந்தது. அடியில், நீரில் ஊறிய பாண் துண்டுகளைப் போல மூன்று பொருட்கள். ஒவ்வொன்றும் பெருவிரல் அளவு. நிறம் என்று சொல்ல அவற்றில் எதுவும் எஞ்சியிருக்கவில்லை. போத்தலைத் திறந்தபோது எழுந்த மணம் அன்று மாலைவரை அறையை விட்டு அகலவில்லை.

சிறுவனின் தகப்பனார் உள்ளே வராமல் வாசற்படியிலேயே நின்றார்.

“சேர், இது அட்டை இல்லை எண்டு நான் சொன்னனான். புத்தகத்தில அட்டை எண்டு போட்டிருக்கு எண்டு பெடியன் விடேல்லை.”

அந்தப் புத்தகம் நாங்கள் எழுதியது.

இது நடந்தது 2024 ஆம் ஆண்டு யூன் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், திருகோணமலையில். நாங்கள் ஏழு பேர். மாதத்தில் ஒருமுறை கூடி, படித்தவற்றைப் பற்றிப் பேசிக் கலைவதைத் தவிர வேறு நோக்கம் எதுவும் எங்களுக்கு முதலில் இருந்ததில்லை. கதைகளிலும் கவிதைகளிலும் கடல் வந்து போகிறதே, அதில் வாழும் உயிர்களில் பத்துக்குக்கூட நமக்குப் பெயர் தெரியாதே என்று ஒருவர் ஒருநாள் குறைபட்டுக்கொண்டார். அந்தப் பேச்சு வளர்ந்து, கரையோரப் பாடசாலைப் பிள்ளைகளுக்காக முப்பத்திரண்டு பக்கத்தில் ஒரு சிறு கைந்நூல் ஆயிற்று. 2023 டிசம்பரில், எங்கள் கைக்காசில், 300 பிரதிகள் அச்சிட்டோம். நண்டு, சிப்பி, நட்சத்திர மீன், கடற்பாசி என்று அதில் எல்லாம் உண்டு. அட்டையில் மாத்திரம், எல்லோரும் ஒரே மனதாகத் தெரிந்தெடுத்த ஒரு படம்.

அந்தப் படத்தைச் சற்று விவரிக்க வேண்டும். மங்கிய பாறையொன்றின் மேல் ஊர்ந்து செல்லும், இரண்டு அங்குல நீளமான, மென்மையான உயிர். உடலுக்கு மேல் அகன்ற போர்வை ஒன்று விரிந்திருக்கிறது. போர்வை பொன்மஞ்சள், அதில் கத்தரிப்பூ நிறப் புள்ளிகள், ஒவ்வொன்றையும் சுற்றி வெளிறிய வளையம். முன்புறம் இரண்டு சிறு கொம்புகள். நீரில் கரைந்து வரும் மணத்தை அவற்றாலேயே அது அறிகிறது. பின்புறம், மலர்ந்த பூவொன்றைச் செருகி வைத்தாற்போல, செவுள் வட்டம். செவுள் இப்படி வெளியே திறந்து நிற்பதனால்தான் இக்கூட்டத்திற்கு அறிவியலில் ‘வெற்றுச் செவுளி’ என்று பொருள்படும் பெயர் வந்தது. இது நத்தையின் உறவு. முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சுக்குச் சின்னஞ்சிறு ஓடு உண்டு. வளர்கையில் அதை உதறிவிடுகிறது. ஓட்டை உதறிய உயிர் எதைக்கொண்டு தன்னைக் காக்கும்? இது மேய்வது கடற்பஞ்சை. கடற்பஞ்சு தன் காப்புக்காக வைத்திருக்கும் கைப்பான நஞ்சை உண்டு, தன்னைப் பாதிக்காமல் பிரித்தெடுத்து, போர்வையின் ஓரத்தில் உள்ள சிறு சுரப்பிகளில் சேர்த்து வைத்துக்கொள்கிறது. அந்தப் பகட்டான நிறங்கள் மீன்களுக்கு விடுக்கும் எச்சரிக்கை.

நிலாவெளிக்கு வடக்கே, கரையிலிருந்து சற்றுத் தள்ளி உள்ள பாறைத்திட்டொன்றில் ஏறத்தாழப் பத்து மீற்றர் ஆழத்தில் எங்களில் ஒருவர் அதை எடுத்தார். அன்று எங்களைப் படகில் அழைத்துச் சென்று, நீருக்கடியில் அந்தப் பாறையை விரலால் சுட்டிக் காட்டியவர், இப்போது வாசற்படியில் நின்ற அதே மனிதர். அவருடைய தொழில் அட்டை எடுப்பது.

பிழை இந்த ‘அட்டை’யில் இருந்துதான் தொடங்கிற்று. ஆங்கிலத்தில் இவ்வுயிர்களுக்கு உள்ள பொதுப்பெயரைத் தமிழாக்க நாங்கள் ஒரு கலைச்சொல் தொகுதியைப் புரட்டினோம். கடல் அட்டை என்று இருந்தது. அழகாகவும் இருந்தது. ‘வண்ணக் கடலட்டை’ என்று எழுதினோம். அட்டையிலும் அட்டை என்று எங்களுக்குள் சிரித்துக்கொண்டது வேறு நினைவிருக்கிறது. எங்கள் கரையில் கடலட்டை என்றால் அது முற்றிலும் வேறோர் உயிர் என்பது எங்கள் ஏழு பேருக்கும் தெரியாததன்று. வெள்ளரிக்காய் போல மணலில் கிடக்கும், நட்சத்திர மீனின் உறவான அந்த உயிரை எடுத்து, அவித்துக் காயவைத்து, கிழக்காசிய நாடுகளுக்கு அனுப்புகிறார்கள். இங்கே யாரும் அதை உண்பதில்லை. ஆயினும் எத்தனையோ வீடுகளில் அடுப்பு எரிவது அதனால்தான். இதையெல்லாம் அறிந்திருந்தும், கலைச்சொல் தொகுதியைத் திறந்த கணத்தில் கரையை மறந்துவிட்டோம். படித்தவர்களுக்கு இது எளிதில் நேர்கிறது.

பிள்ளை புத்தகத்தைப் படித்தான். அட்டை என்று கண்டான். அட்டை விலைபோகும் என்பதை அவனுக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. தகப்பன் அது அட்டை இல்லை என்று சொன்னதற்கு, அச்சில் இருக்கிறதே என்று அழுதிருக்கிறான். இருபது வருடங்களுக்கு மேலாக அந்தப் பாறைகளில் இறங்கி ஏறியவரின் சொல்லை, ஒருமுறை இறங்கி ஏறிய எங்களுடைய சொல் வென்றுவிட்டது. அழுகையைத் தாங்காமல் அவர் மூன்றைக் கையோடு எடுத்துவந்து கொடுத்திருக்கிறார். வெயிலில், போத்தலில், ஒரு பகல் முழுவதும்.

நாங்கள் அவரிடம் மன்னிப்புக் கேட்டோம். அவர் அதைப் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை. “பெடியனுக்குச் சொல்லுங்கோ” என்றார். சிறுவனிடம் சொன்னோம். அவன் எங்களையும் தகப்பனையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “அப்ப புத்தகம் பிழையா?” என்று கேட்டான். ஆம் என்றோம். அவன் முகத்தில் தோன்றியது மகிழ்ச்சியா ஏமாற்றமா என்று எங்களால் பிரித்தறிய முடியவில்லை.

அவர்கள் போன பிறகு, தமிழ்ப்பெயர் பிழையென்றால் மற்றப் பெயர் மட்டும் சரியாகத்தான் இருக்கும் என்று எப்படி நம்புவது என்ற கேள்வி எழுந்தது. உள்ளட்டையில், படத்துக்குக் கீழே, அறிவியற்பெயராக நாங்கள் கொடுத்திருந்தது குரோமோடோரிஸ் குனியை. பழைய படநூலொன்றைப் பார்த்து, பொன்மஞ்சள், கத்தரிப்பூப் புள்ளி, வெளிறிய வளையம் எல்லாம் பொருந்துகின்றன என்று கண்டு எழுதியது. பிரெஞ்சு ஆய்வாளர் அலிஸ் புருவோ-ஃபோல் 1930 இல், நியூ கலிடோனியாவின் பைன் தீவில் திரட்டியவற்றிலிருந்து இதற்குப் பெயரிட்டார். அத்தீவைப் பூர்வகுடிகள் ‘குனியே’ என்று அழைப்பதால் அந்தப் பெயர். பசிபிக்கின் அந்தக் கோடியில் உள்ள உயிர் எங்கள் நிலாவெளியில் எப்படி என்று அப்போதே ஒரு ஐயம் எழுந்திருக்க வேண்டும். எழவில்லை.

கிழக்கில் உள்ள பல்கலைக்கழகம் ஒன்றில் கடலுயிரியல் கற்பிக்கும் ஒருவருக்குப் படத்தை அனுப்பினோம். அட்டைப்படத்தை அல்ல, மூலப்படத்தைக் கேட்டார். அதை அனுப்பிய பிறகு எழுதிய பதில் சுருக்கமானது. புள்ளிகளை விட்டுவிடுங்கள், ஓரத்தைப் பாருங்கள், ஆகக் கடைசி விளிம்பு என்ன நிறம் என்று கேட்டிருந்தார்.

அட்டையை எடுத்துப் பார்த்தோம். அதில் ஓரமே இல்லை. படம் பெரிதாகத் தெரியவேண்டும் என்பதற்காக வடிவமைத்தபோது நான்கு பக்கமும் வெட்டியிருந்தோம். அவ்வுயிரின் பெயரை எங்கே வாசிக்க வேண்டுமோ அந்த இடத்தைத்தான் வெட்டியிருக்கிறோம். மூலப்படத்தில் ஓரம் இருந்தது, நீலமாக. குனியையின் ஓரத்திலும் நீலப்பட்டி உண்டு. அதற்கு வெளியே கடுங்கத்தரிப்பூ நிறம். ஆகவே நாங்கள் எழுதியது சரிதான் என்று சில மணி நேரம் நிம்மதியாக இருந்தோம்.

பின்னர்தான் நீரின் குணம் நினைவுக்கு வந்தது. சூரிய ஒளியில் சிவப்பை நீர் முதலில் விழுங்கிவிடும். பத்து மீற்றரில் சிவப்பு பெரும்பாலும் இராது. கூட விளக்கின்றி எடுத்த படத்தில் வெள்ளையும் நீலம் பூண்டுவிடும். எங்களிடம் விளக்கு இருக்கவில்லை. படத்தில் உள்ள நீலம் உயிரின் நீலமா, கடலின் நீலமா?

போத்தலில் கிடந்த மூன்றையும் தேடிப் பார்த்திருக்கலாம்தான். அவற்றில் விளிம்பும் இல்லை, நிறமும் இல்லை. இவ்வுயிர்களைப் பெயரிட்டவர்கள் எல்லோருக்கும் நேர்ந்த சங்கடம் இது. சிப்பியின் ஓடு நூறு வருடம் பெட்டியில் கிடந்தாலும் சிப்பிதான். இவற்றைச் சாராயத்தில் இட்டால் உடல் நிற்கும், நிறம் போய்விடும். உயிரோடு இருக்கும்போது கண்டவர் எழுதியதோ தீட்டியதோ மட்டுமே பிறகு சாட்சி.

மறுநாள் அந்தத் தகப்பனாரைத் துறையில் போய்ப் பார்த்தோம். கேள்வியை முடிக்கு முன்பே பதில் வந்தது. “ஓரம் வெள்ளை. அதுக்கு உள்ள ஒரு சாம்பல் கத்தரிப்பூ. போகேக்க ஓரத்தைத் தூக்கித் தூக்கி அடிக்கும், சீலைத் தலைப்பு காத்தில அடிக்கிற மாதிரி.” வெள்ளை என்று எப்படித் தெரியும் என்று கேட்டோம். “ஒருக்கா வலையில கல்லோட வந்தது. வெயிலில பாத்தனான்.”

அதை அப்படியே எழுதி அனுப்பினோம். அவரிடமிருந்து பெயர் வந்தது: கோனியோபிராங்கஸ் ஜெமினஸ். ஜெமினஸ் என்றால் இலத்தீனில் இரட்டை. குனியையின் இரட்டை போலவே இருக்கும். ஊர்கையில் போர்வையைத் தூக்கி அடிப்பதும் இரண்டுக்கும் பொது. ஓரம் மட்டும் காட்டிக்கொடுக்கும். குனியை மேற்குப் பசிபிக்குக்கு உரியது. ஜெமினஸ் இந்து சமுத்திரத்துக்கு, ஆபிரிக்கக் கிழக்குக் கரையிலிருந்து எங்கள் இலங்கை வரை. அவுஸ்திரேலிய ஆய்வாளர் பில் ருட்மன் இதைப் பிரித்தறிந்து பெயரிட்டது 1987 இல்தான். பேரினத்தின் பெயரும் எங்கள் நூலில் பழையது: 2012 இல் ஜோன்சனும் கொஸ்லினரும் மரபணுவைக் கொண்டு இக்குடும்பத்தை மறுபடி வகுத்தபோது, குரோமோடோரிஸில் இருந்த பலவற்றைக் கோனியோபிராங்கஸுக்கு மாற்றிவிட்டார்கள். ஆக, நாங்கள் எழுதிய ஒரு வரியில் தமிழ்ப்பெயர், பேரினம், இனம் மூன்றும் பிழை. படம் மட்டும் சரி, அதுவும் ஓரமின்றி.

இந்த இடத்தில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். சரியான பெயர் வருவதற்கு முந்திய இரண்டு நாட்களில் எங்களுக்குள் இன்னொரு பெயர் சூடாக நடமாடிற்று. அதற்குக் காரணம் கெலார்ட்.

எட்வர்ட் ஃபிரெடரிக் கெலார்ட் 1819 இல் இலங்கையில் பிறந்த பறங்கியர், படை மருத்துவர். முத்துச்சிப்பியை ஆராய அரசு அவரை அமர்த்திற்று. அவ்வேலைக்காகத் திருகோணமலையில் இருந்த காலத்தில், சிப்பிக்கு இடையே இந்த நிர்வாண நத்தைகளில் மனம் பறிகொடுத்துவிட்டார். 1858, 1859 ஆகிய ஆண்டுகளில் அவர் வெளியிட்ட விவரிப்புகளில் இருந்துதான் இன்றும் உலகம் பயன்படுத்தும் பல பெயர்கள் வந்தன. வெள்ளையுடலில் கருவளையங்கள் கொண்ட ஒன்றுக்கு இழவைக் குறிக்கும் இலத்தீன் சொல்லால் ஃபியூனெப்ரிஸ் என்று பெயரிட்டார். இன்னொன்றுக்கு சைலானிகா என்று நாட்டின் பெயரையே கொடுத்தார். திருகோணமலையில் இருந்த பாதிரியாரும் இயற்கை ஆர்வலருமான கிளெனியின் பெயரால் வழங்குவது கிளெனியை. அதுவும் இப்போது கோனியோபிராங்கஸ்தான்; புள்ளியுடையதுதான்.

எங்கள் ஆவலை வாசகர்கள் ஊகிக்கலாம். எங்கள் ஊரில் இருந்தவர், எங்கள் ஊர்க் கடலைப் பார்த்து, எங்கள் ஊர்ப் பாதிரியாருக்குச் சூட்டிய பெயர்! அட்டைப்படம் அதுவாகவே இருந்துவிட்டால் எத்தனை பொருத்தம். கிளெனியையாகத்தான் இருக்கும் என்று ஒருவர் சொன்னதும் மற்ற ஆறு பேரும் தலையசைத்தோம். திருத்தச் சீட்டுக்கு வாசகம்கூட எழுதியாயிற்று. கிளெனியையின் முதுகு நடுவே புள்ளிகள் நெருங்கிக் கலந்து கருந்திட்டாகும். எங்கள் படத்தில் ஒவ்வொரு புள்ளியும் தனித்தனி. கண் அதைக் கண்டது. ஆனால் ஊர்ப்பற்று குறுக்கே நின்றது. முதற்பிழை அறியாமையால் நேர்ந்தது. இது நேர்ந்திருந்தால் அப்படிச் சொல்லித் தப்பியிருக்க முடியாது.

கெலார்டின் கதை துயரமானது. தான் உயிரோடு கண்டவற்றை நிறம்படத் தீட்டுவித்தார். ஆனால் விவரிப்புகளோடு அவ்வோவியங்கள் அச்சாகவில்லை. 1860 இல் இங்கிலாந்து நோக்கிக் கப்பலில் போகும்போதே இறந்துபோனார். படமில்லாத சொற்களை வைத்துக்கொண்டு எது எதுவெனப் பின்வந்தோர் திண்டாடினார்கள். ஓவியங்கள் நியூகாசில் நகரில், ஆல்டர், ஹான்கொக் என்ற இரட்டையரின் சேகரிப்போடு கிடந்தன. அவர்களிடமே ஆந்திரக் கரையில் இருந்து வால்டர் எலியட் என்ற சென்னை அரசு அதிகாரி அனுப்பிய நத்தைகளும் போய்ச் சேர்ந்திருந்தன. அமராவதிச் சிற்பங்களை அகழ்ந்தெடுத்த எலியட்தான் அவர். 1864 இல் அவ்விருவரும் அவற்றுள் ஒன்றுக்கு இட்ட பேரினப் பெயர் என்ன தெரியுமா? கலிங்கா. செயங்கொண்டார் கேட்டிருந்தால் பரணியில் ஒரு தாழிசை கூடியிருக்கும்.

1906 இல் கெலார்டின் ஓவியங்களைத் தூசுதட்டி எடுத்து, எந்தப் பெயர் எந்த உயிருக்கு என்று ஆராய்ந்து எழுதியவர் இன்னொரு எலியட்: சேர் சார்ள்ஸ் எலியட். (கவிஞர் எலியட்டையும் சேர்த்தால் மூவர், இலக்கியக் கூட்டத்தில் இதை விளக்க அரைமணி ஆயிற்று.) பிரித்தானியக் கிழக்காபிரிக்காவை ஆண்டவர், பின்னிய மொழிக்கு இலக்கணம் எழுதியவர், பின்னாளில் ஜப்பானில் தூதர். 1921 இல் வெளிவந்த ‘இந்து சமயமும் பௌத்தமும்’ என்ற மூன்று தொகுதி நூலின் ஆசிரியராகவே நாங்கள் அவரை அறிந்திருந்தோம். அதே கைதான் இந்தச் சின்னஞ்சிறு உயிர்களின் செவுள்களை எண்ணியது என்பதை அறிந்த இரவு எங்களுக்கு உறக்கம் பிடிக்கவில்லை. அவரும் 1931 இல் கடற்பயணத்தில் இறந்து கடலிலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

ஓரத்தைப் பார்த்தால் போதும் என்றும் இனிச் சொல்ல இயலாது. 2018 இல் லேற்றனும் உடன் ஆய்ந்தோரும் குரோமோடோரிஸ் பேரினத்தின் மரபணுவைப் பார்த்தபோது, ஒரே இனம் வேறுவேறு கோலங்களிலும், வேறுவேறு இனங்கள் ஒரே இடத்தில் ஒரே கோலத்திலும் இருப்பதைக் கண்டார்கள். நஞ்சுள்ளவை ஒன்றையொன்று ஒத்திருந்தால் மீன்களுக்கு ஒரு பாடம் போதுமல்லவா. எங்களுக்கு உதவியவரும் தம் கடிதத்தை, படத்தை மட்டும் வைத்துச் சொல்லக்கூடிய அளவில் இது ஜெமினஸ் என்றே முடித்திருந்தார். அந்த அடைமொழியை நாங்கள் சீட்டிலும் விடாமல் சேர்த்தோம்.

சீட்டு மூன்று விரல் அகலம். அறிவியற்பெயர் இன்னது, இது கடலட்டை அன்று, விற்பனைக்கு உரியதும் அன்று, நீரிலிருந்து எடுத்தால் இறந்துவிடும், ஓரத்தின் நிறத்தைச் சொல்லி உதவியவர் இவ்வூர்க் கடற்றொழிலாளர் ஒருவர். தமது பெயரைப் போட வேண்டாம் என்று அவர் சொல்லிவிட்டார். தமிழ்ப்பெயர் என்ற இடத்தில் எதை எழுதுவது என்று இரண்டு கூட்டம் விவாதித்தோம். ஓடிலி, வண்ணநத்தை, பூச்செவுளி என்று பலவும் வந்தன. உங்கள் ஆட்கள் இதை எப்படிச் சொல்வார்கள் என்று துறையில் கேட்டதற்கு, “விலைக்குப் போகாததுக்கு ஆர் பேர் வைக்கிறது?” என்று சிரித்தார்கள். கோடு மட்டும் போட்டு வெறுமையாக விட்டோம்.

பாடசாலைகளுக்குப் போய் ஒட்டினோம். முதற் பாடசாலையில் அந்தச் சிறுவனே பசை பூசித் தந்தான். அவனுடைய பிரதியில் சீட்டை ஒட்டுமுன், அட்டைப்படத்தைச் சுற்றி வெள்ளை மெழுகுப் பென்சிலால் தடித்த கோடு ஒன்றை இழுத்திருந்தான். உள்ளே சாம்பற்கோடும் இருந்தது.

இதுவரை 241 பிரதிகளில் ஒட்டிவிட்டோம். எஞ்சியவற்றில் சில யாழ்ப்பாணத்துக்கும் மட்டக்களப்புக்கும், மூன்று கனடாவுக்கும் போனது தெரியும். இதை வாசிப்பவர்களில் யாரிடமாவது அந்த நூல் இருக்குமானால், உள்ளட்டையில் படத்துக்குக் கீழே உள்ள வரியை அன்புகூர்ந்து மையால் அடித்துவிட்டு, கோனியோபிராங்கஸ் ஜெமினஸ் என்று எழுதிக்கொள்ளுங்கள். ‘வண்ணக் கடலட்டை’ என்பதையும் அடித்துவிடுங்கள். பிள்ளைகள் இருக்கும் வீடானால் அதை முதலில் செய்யுங்கள்.